தாழ்த்திய கார் சோதனையில் தேறுமா?

ஆஸ்திரேலியாவில் காரைத் தாழ்த்தி ஓட்டுவது குற்றமா? இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகன் புது ஸ்பிரிங் போட்டுக் காரைத் தாழ்த்திவிட்டான் என்று தெரிந்ததுமே, போலீஸ் பிடித்துவிடும் என்று பயப்படும் பெற்றோரை எனக்குத் தெரியும். மகனோ, "கடைக்காரரே லீகல்னு சொன்னார்ப்பா" என்று தைரியமாக இருப்பான். அப்பாவின் பயமும் மகனின் தைரியமும் பாதிப் பாதிதான் சரி. தாழ்த்தலாம். எவ்வளவு தாழ்த்தலாம் என்பதற்கு அளவு உண்டு. அந்த அளவில் பெரும்பகுதியை நீங்களே வீட்டு வாசலில் பார்த்துவிட முடியும்.

தாழ்த்துவது என்றால் என்ன? சக்கரத்துக்கும் காரின் உடலுக்கும் நடுவில் சஸ்பென்ஷன் (மேடு பள்ளத்தின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் அமைப்பு) இருக்கிறது. அங்கே குட்டையான ஸ்பிரிங்கைப் போட்டால் கார் கீழே இறங்கி உட்காரும். இன்னொரு வழி காயிலோவர் (உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் தொகுப்பு). சின்ன டயர் போட்டாலும் கார் கொஞ்சம் இறங்கும். டயரின் விட்டத்தில் எவ்வளவு குறைகிறதோ, அதில் பாதி அளவுக்கு இறங்கும்.

இதை யார், எப்போது சோதிக்கிறார்கள்? மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ சவுத் வேல்ஸில் ஐந்து வயதைத் தாண்டிய கார் என்றால், ஆண்டுதோறும் ரெஜோ (வாகனப் பதிவு) புதுப்பிக்கும் முன் பிங்க் ஸ்லிப் சோதனைக்குப் போயாக வேண்டும். விக்டோரியாவில் சொந்தக் காருக்கு அப்படி ஆண்டுச் சோதனை கிடையாது. ஆனால் காரை ரெஜோவோடு விற்கும்போது ரோட்வொர்தி சான்றிதழ் (சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று) வேண்டும். அது 30 நாள்தான் செல்லும். குயின்ஸ்லாந்திலும் விற்கும்போது பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும்.

அப்படியானால் விக்டோரியாவில் காரை விற்காதவரை கவலை இல்லையா? உண்டு. எந்த மாநிலமானாலும் போலீஸ் சாலையிலேயே நிறுத்திப் பார்க்கலாம். கார் விதிக்கு உட்படவில்லை என்றால் குறை அறிவிப்பு (காரைச் சரிசெய்யச் சொல்லும் எழுத்து உத்தரவு) கொடுப்பார்கள். குறை கடுமையானது என்று பட்டால், காரை அங்கிருந்து ஓட்டவே விடமாட்டார்கள். போன மாதம் வாங்கிய பிங்க் ஸ்லிப்பை எடுத்துக் காட்டினாலும் பயனில்லை. அது சோதனை நடந்த நாளுக்கான பதில். இன்று சாலையில் நிற்கும் கார் இன்று விதிக்கு உட்பட்டிருக்க வேண்டும்.

சரி, விதி என்னதான் சொல்கிறது? மாநிலங்கள் பின்பற்றுவதற்காக எழுதப்பட்ட ஆஸ்திரேலிய இலகு வாகனத் தர விதிகள் 2015-இல் தரை இடைவெளி (காரின் அடிப்பகுதிக்கும் சாலைக்கும் நடுவிலுள்ள உயரம்) பற்றி மூன்று அளவுகள் இருக்கின்றன. உங்களுக்கு முக்கியமானது முதல் அளவு. முன் அச்சானாலும் பின் அச்சானாலும், அதிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்கும் எந்த இடமும் தரையிலிருந்து 100 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அச்சு என்பது இடது, வலது சக்கரங்களின் நடுப்புள்ளிகளைச் சேர்க்கும் கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'எந்த இடமும்' என்பதைக் கவனியுங்கள். காரின் பக்கவாட்டில் நின்று, கதவுக்குக் கீழே கை நுழைகிறதே, போதும் என்று நினைத்துவிடக் கூடாது. அடியில் எது எல்லாவற்றையும்விடக் கீழே தொங்குகிறதோ, அதுதான் கணக்கு. பெரும்பாலும் அது புகைக்குழாயின் இணைப்பாக இருக்கும், அல்லது இன்ஜினுக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டமாக இருக்கும். முன் பம்பருக்குக் கீழே அழகுக்காக ஒட்டிய கெட்டிப் பிளாஸ்டிக் உதடும் கணக்கில் சேரும். முன் அச்சுக்கு முன்னால் ஒரு மீட்டருக்குள் அது வந்துவிடும் கார்களே அதிகம்.

எது கணக்கில் வராது? டயர், சக்கரம், சக்கரத்தின் நடுக்குடம், பிரேக்கின் பின்தகடு, வளையக்கூடிய மட்கார்டும் மட்ஃபிளாப்பும். டயரோடு ஒட்டியிருப்பவை எப்படியும் தரைக்கு அருகில்தானே இருக்கும், அதனால் விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது அளவு இரண்டு அச்சுகளுக்கும் சரிநடுவில் உள்ள இடத்துக்கு. அங்கே தரை இடைவெளி, வீல்பேஸில் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்) முப்பதில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். மூன்றாவது அளவு மீதி இடங்களுக்கு. 15 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறி, அதே சரிவில் மறுபுறம் இறங்கும் ஒரு மேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரம் அந்தப் பக்கச் சரிவிலும் பின் சக்கரம் இந்தப் பக்கச் சரிவிலும் நிற்கும்போது, கார் மேட்டில் தட்டாமல் கடக்க வேண்டும்.

முப்பதில் ஒன்று எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. தாளில் படம் போட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். மேட்டின் உச்சி காருக்குச் சரிநடுவில் வருகிறது என்றால், அச்சிலிருந்து உச்சிக்கு உள்ள தூரம் வீல்பேஸில் பாதி. அந்தப் பாதியைப் பதினைந்தால் வகுத்தால் உச்சியின் உயரம். பாதியில் பதினைந்தில் ஒன்று என்பது முழுதில் முப்பதில் ஒன்று. இரண்டும் ஒரே மேட்டின் கணக்குதான்.

இது உங்கள் காருக்கு என்ன அர்த்தம்? டொயோட்டா கொரோலா செடானின் வீல்பேஸ் 2,700 மி.மீ. முப்பதால் வகுத்தால் 90. நடுவில் 90 மி.மீ. போதும், ஆனால் அச்சுகளுக்கு ஒரு மீட்டருக்குள் 100 வேண்டும். ஆக, நடுவில் 70 சென்டிமீட்டர் நீளத்துக்குத்தான் கொஞ்சம் சலுகை. வழக்கமான சின்ன காருக்கு முழு அடிப்பகுதிக்கும் 100 என்று நினைவில் வைத்துக்கொண்டால் தவறே வராது.

நீளமான வண்டி வைத்திருப்பவர்கள்தான் இங்கே கவனிக்க வேண்டும். டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப் யூட்டின் (பின்னால் திறந்த பெட்டி உள்ள வண்டி) வீல்பேஸ் 3,085 மி.மீ. அதற்கு நடுவில் கிட்டத்தட்ட 103 மி.மீ. வேண்டும். வீல்பேஸ் மூன்று மீட்டரைத் தாண்டினால் 100 மட்டும் போதாது.

இணையத்தில் ஜப்பானிலிருந்து ஸ்பிரிங் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. "வாகனச் சோதனையில் தேறும்" என்று பெட்டியில் ஜப்பானிய மொழியில் போட்டிருப்பது ஜப்பானின் சோதனையைத்தான். அங்கே சாதாரணக் காருக்கு அடிப்படை அளவு 9 சென்டிமீட்டர். அந்த வாக்கை நம்பிப் பொருத்தினால், இங்கே ஒரு சென்டிமீட்டர் குறைந்துபோகலாம்.

100 மி.மீ. இருந்தால் போதுமா? போதாது. தாழ்த்திய பலர் தடுக்கி விழுவது இங்கேதான். தரை இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது, அளக்கிறார்கள். ஸ்பிரிங் இன்னும் எவ்வளவு அமுங்க இடம் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை, விட்டுவிடுகிறார்கள்.

கார் மேட்டில் ஏறி இறங்கும்போது சக்கரம் மேலே போகும். ஒரு அளவுக்கு மேல் போகாமல் பம்ப் ஸ்டாப் (கடைசியில் முட்டிக்கொள்ளும் ரப்பர்த் தாங்கி) தடுக்கும். கார் சும்மா நிற்கும் நிலையிலிருந்து அந்த ரப்பரில் முட்டும்வரை உள்ள தூரம்தான் மேல்நோக்கிய ஓட்டம். காரை எவ்வளவு தாழ்த்துகிறீர்களோ, அந்த ஓட்டத்திலிருந்து அவ்வளவு போய்விடும்.

வி.எஸ்.பி. 14 என்ற தேசிய நடைமுறை நூல் (காரில் மாற்றம் செய்பவர்களுக்கான வழிகாட்டி விதித்தொகுப்பு) சொல்வது இதுதான்: தயாரிப்பாளர் கொடுத்த ஓட்டத்தில், மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு மிஞ்ச வேண்டும். சான்றிதழ் இல்லாமல் செய்யும் சின்ன மாற்றத்துக்கு இதுதான் எல்லை. இதற்கு மேல் மாநிலங்கள் தங்கள் நிபந்தனைகளையும் சேர்த்திருக்கின்றன. அதனால் ஸ்பிரிங் வாங்கும் முன் உங்கள் மாநிலப் போக்குவரத்துத் துறையின் தாளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஒரு உதாரணம் போட்டால் தெளிவாகும். உங்கள் காரின் மேல்நோக்கிய ஓட்டம் 75 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் இரண்டு பங்கு 50. ஆக 25 மி.மீ.தான் தாழ்த்தலாம். பக்கத்து வீட்டுக் காரில் அது 105 என்றால், அவர் 35 மி.மீ. தாழ்த்தலாம். '30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்' என்று கடையில் விற்பது அவர் காரில் சரி, உங்கள் காரில் தவறு. கடைக்காரர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கார் வேறு, அவ்வளவுதான்.

இந்த விதி எதற்கு? ஓட்டம் குறைந்த காரில் நாலு பேர் ஏறி, டிக்கியில் சாமான் வைத்தாலே பாதி அமுங்கிவிடும். பிறகு வளைவில் ஒரு குழி வந்தால் ரப்பரில் முட்டும். முட்டிய நொடியில் அங்கே ஸ்பிரிங் இல்லாதது போலத்தான். சக்கரம் துள்ளும், டயரின் பிடி போகும். நேர்ச்சாலையில் அது வெறும் குலுக்கல். மழையில் வளைவில் பிரேக் பிடிக்கும்போது கார் விலகிப்போகும். பம்ப் ஸ்டாப்பைக் கழற்றிவிட்டால் ஓட்டம் கூடுமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். ரப்பர் முட்டுவதற்குப் பதில் இரும்பு முட்டும்.

ஸ்பிரிங்கை அறுத்துக் குட்டையாக்குவது? கூடாது. சூடாக்கி அமுக்குவதும் கூடாது. ஸ்பிரிங்கின் உறுதி அதைப் பதப்படுத்திய விதத்தில் இருக்கிறது, நெருப்புப் பட்டால் அந்தப் பதம் கெட்டுவிடும். அறுத்த ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காராது. சோதிப்பவர் இதை எளிதில் கண்டுபிடிப்பார். சாணைச் சக்கரம் பட்ட முனை பளபளக்கும் அல்லது துருப்பிடித்திருக்கும். சூடாக்கிய இடத்தில் பெயின்ட் கருகி உரிந்திருக்கும்.

சோதனையில் இன்னொன்றும் செய்வார்கள். காரை மேலே தூக்கி, சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஸ்பிரிங்கைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். ஸ்பிரிங் இறுக்கமாக நிற்க வேண்டும். லொடலொடவென்று ஆடினால், ஒரு பெரிய மேட்டில் சக்கரம் தொங்கும்போது அது இருக்கையைவிட்டு நகர்ந்துவிடும் என்று பொருள். பழைய நீள ஷாக் அப்சார்பரை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் மிகக் குட்டையாக மாற்றினால் இப்படித்தான் ஆகும்.

விளக்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. லோ பீம் விளக்கு (எதிரில் வருபவர் கண் கூசாதபடி எரியும் முன்விளக்கு) தரையிலிருந்து 500 மி.மீ.க்குக் குறையக் கூடாது. சாதாரணக் காரில் இது இடிக்காது. ஏற்கெனவே குள்ளமான ஸ்போர்ட்ஸ் காரைத் தாழ்த்தினால் இடிக்கும். அதைவிட அதிகம் பேருக்கு வரும் சிக்கல் விளக்கின் சாய்மானம். முன்பக்கம் மட்டும் இறங்கினால் வெளிச்சம் கிட்டத்திலேயே விழுந்துவிடும், பின்பக்கம் மட்டும் இறங்கினால் எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும். தாழ்த்திய பிறகு விளக்கைத் திருத்தி அமைக்கச் சொல்லுங்கள். புதிய கார்களில் தானாகப் பிரேக் போடும் வசதிக்காகக் கேமராவும் ரேடாரும் இருக்கும். கார் நிற்கும் சாய்மானம் மாறினால் அவை பார்க்கும் கோணமும் மாறும், அவற்றையும் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

இப்போது வீட்டில் எப்படி அளப்பது என்று சொல்கிறேன். சரிவில்லாத சிமென்ட் தரை வேண்டும். பல கராஜ்களின் தரையை நீர் வடிவதற்காகச் சற்றுச் சாய்வாகப் போட்டிருப்பார்கள், அதனால் முதலில் தரையைப் பாருங்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவுக்குக் காற்று நிரப்புங்கள். காரை ஜாக்கியிலிருந்து அப்போதுதான் இறக்கியிருந்தால் உடனே அளக்காதீர்கள். சக்கரங்கள் உள்வாங்கிக் கார் உயரமாகவே நிற்கும். கொஞ்சம் முன்னும் பின்னும் ஓட்டினால் தன் இயல்பான உயரத்துக்கு இறங்கும்.

சரியாக 100 மி.மீ. உயரமுள்ள ஒரு மரத்துண்டை அறுத்து, ஒரு துடைப்பக் கம்பின் முனையில் கட்டிக்கொள்ளுங்கள். மரத்துண்டைத் தரையோடு ஒட்டி, காரின் பக்கவாட்டிலிருந்து அடியில் தள்ளுங்கள். முன் பம்பரில் தொடங்கி, முன் சக்கரத்தைத் தாண்டி, புகைக்குழாய் போகும் வழியெல்லாம் தள்ளிப் பாருங்கள். டார்ச் அடித்துக்கொண்டு தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தால் எங்கே தட்டுகிறது என்று தெரியும். கார் நாலு சக்கரத்திலும் நிற்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் ஒருபோதும் தலையை விடாதீர்கள்.

மரத்துண்டு மயிரிழையில் நுழைகிறது என்றால் சந்தோஷப்படலாமா? வேண்டாம். ஸ்பிரிங் நாளாக ஆகத் தளர்ந்து இன்னும் கொஞ்சம் இறங்கும், டயர் தேயும். எந்த அளவிலும் கடைசி மில்லிமீட்டரில் நிற்காதீர்கள். என் கணக்கில் 115, 120 இருந்தால்தான் நிம்மதி.

பிறகு வீட்டார் எல்லோரையும் காரில் ஏற்றி, காலியான கார் பார்க்கில் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பி மெதுவாக ஓட்டுங்கள். எங்காவது டயர் உரசும் சத்தம் கேட்கிறதா? கேட்டால் சோதனையில் தேறாது. சோதனையை விடுங்கள், உரசும் டயரில் குடும்பத்தை ஏற்றிப் போகாதீர்கள்.

மேல்நோக்கிய ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாழ்த்த ஆசை என்றால்? அப்போது அதிகாரம் பெற்ற இன்ஜினியரின் சான்றிதழ் வேண்டும். இவருக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு பெயர். நியூ சவுத் வேல்ஸில் வி.எஸ்.சி.சி.எஸ். திட்டத்தில் உரிமம் பெற்றவர், விக்டோரியாவில் வாஸ் கையொப்பதாரர், குயின்ஸ்லாந்தில் அங்கீகரிக்கப்பட்ட நபர். ஏர் சஸ்பென்ஷன் (காற்றுப் பையால் உயரத்தை ஏற்றி இறக்கும் அமைப்பு) போடுவதற்கும் இவரிடம்தான் போக வேண்டும். மாற்றத்தைச் செய்துவிட்டுப் போகாதீர்கள். செய்யும் முன்பே போய்க் கேளுங்கள். செய்த பிறகு அவர் "இது முடியாது" என்றால், போட்ட பணம் போனது போனதுதான். அவர் கையெழுத்துப் போட்டாலும் 100 மி.மீ. விதி தளராது.

சோதனையில் தேறவில்லை என்றால் என்ன செய்வது? பதறாதீர்கள். எந்த இடத்தில், எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பல நேரம் காரே தாழ்ந்திருக்காது. புகைக்குழாயைத் தாங்கும் ரப்பர் அறுந்து, குழாய் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். அதை மாற்றினால் முடிந்தது. காயிலோவர் என்றால் திருகி ஏற்றிவிடலாம். ஏற்றிய பிறகு வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது) செய்தாக வேண்டும். குட்டை ஸ்பிரிங் என்றால் பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட வேண்டியிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், கழற்றிய பழைய ஸ்பிரிங்கைத் தூக்கி எறியாதீர்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு கேள்வி எல்லோருக்கும் வரும். காரைத் தாழ்த்தியதைக் கம்பெனியிடம் சொல்ல வேண்டுமா? கட்டாயம் சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாத மாற்றம் விபத்துக்குப் பிறகு தெரியவந்தால் இழப்பீட்டைக் குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். ரெஜோ அப்பா பெயரில், ஓட்டுவது மகன் என்ற வீடுகளில் இது இன்னும் முக்கியம். காரின் நிலைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பதிவில் பெயர் உள்ளவரும்தான்.

என் நண்பர் ஒருவர், பல்கலைக்கழகம் போகும் மகளுக்காக சிட்னியில் ஒரு பழைய காரை வாங்கினார். பார்க்க அழகாக, கொஞ்சம் தாழ்ந்து நின்றது. விற்றவர் புதிய பிங்க் ஸ்லிப்பையும் கொடுத்தார். அடுத்த ஆண்டு சோதனைக்குப் போனபோது, புகைக்குழாய் இணைப்பில் 86 மி.மீ.தான் இருந்தது. ஸ்பிரிங்கோ அறுத்தது. விற்றவர் முந்தைய சோதனைக்காக மட்டும் பழைய ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டுப் பிறகு கழற்றினாரா என்று இப்போது யாரும் நிரூபிக்க முடியாது. நண்பர் நாலு ஸ்பிரிங்கும் புதிதாக வாங்கினார். மகள் ஒரு வருடம் அறுத்த ஸ்பிரிங்கில் நெடுஞ்சாலையில் போய்வந்தாளே என்பதைத்தான் அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே தாழ்த்திய காரை வாங்கப் போகிறீர்கள் என்றால், அந்த மரத்துண்டையும் டார்ச்சையும் கையோடு எடுத்துப் போங்கள். ஸ்பிரிங் என்ன மாடல் என்று கேளுங்கள், ரசீதைக் கேளுங்கள், இன்ஜினியர் சான்றிதழ் இருந்தால் அதில் உள்ள பதிவு எண் காரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள், பழைய ஸ்பிரிங்கையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். விற்பவர் அளக்க விடவில்லை என்றால், அந்தக் காரை வாங்காமல் வந்துவிடுங்கள்.